கண் அழுத்த நோய்: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கண் முகாம் நடக்கும்போது பெயர் எழுதும் மேசையில் உட்காரும் தன்னார்வலன் நான். மருத்துவன் அல்ல. கண்புரை பற்றி யாராவது கேட்டால் வரிசையில் நிற்கும் பத்துப் பேரும் பதில் சொல்வார்கள். கண் அழுத்த நோயான கிளாக்கோமா என்றால் என்னவென்று கேட்டால் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள். அப்படி வந்த கேள்விகளையும், கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்த பதில்களையும் இங்கே தருகிறேன். உங்கள் கண்ணுக்கு எந்த மருந்து என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கிளாக்கோமா வந்தால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. இது அழும்போது வரும் கண்ணீர் அல்ல. உள்ளேயே சுரந்து, கருவிழியின் விளிம்பை ஒட்டிய கோணத்தில் இருக்கும் நுண்ணிய திசு வழியாக வெளியேறி இரத்தத்தில் கலந்துவிடும் நீர். நம் வீடுகளின் முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கக் கூரையிலிருந்தும் மழை கொட்டினாலும், மூலையில் தண்ணீர் போகும் துவாரம் திறந்திருக்கும் வரை கவலை இல்லை. அது அடைபட்டால் முற்றத்தில் நீர் ஏறும். கண்ணுக்குள் நீர் ஏற இடம் இல்லாததால் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு புறப்படும் இடத்தைத் தாக்குகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் அந்த நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை சிறிது சிறிதாகச் சாகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை.

இதில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. வெளியேறும் கோணம் திறந்தே இருந்தும் நீர் மெதுவாக வடிவது ஒரு வகை. கோணமே குறுகி மூடிக்கொள்வது இன்னொரு வகை. முதலாவது சத்தமின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கும். இரண்டாவதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சிலருக்கு ஒரே இரவில் வெடிக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இரத்த அழுத்தம் இல்லை. கண்ணில் மட்டும் எப்படி அழுத்தம் வரும்?

இரண்டும் வேறு வேறு. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அளவு சரியாக இருந்தாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். ஒரு தொடர்பு மட்டும் உண்டு: இரவில் இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிப்போனால் பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் குறையும். ஆகவே படுக்கப்போகும்போது இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கண்ணில் அழுத்தம் எவ்வளவு இருக்கலாம்?

பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம். 24 இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு. 16 இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் உண்டு. கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால்தான் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் இலக்கு வைக்கிறார். அண்ணனுக்கு 18 போதும் என்றவர் தம்பிக்கு 12 வேண்டும் என்பார். தம்பியின் நரம்பு அதிகம் கெட்டுவிட்டது என்பதே காரணமாக இருக்கும்.

எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நாளிதழை இன்னும் கண்ணாடி போட்டு வாசிக்கிறேன். பிறகு எப்படி நோய் இருக்கும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

நாம் வாசிப்பதும் முகம் பார்ப்பதும் பார்வையின் நடுப்பகுதியால். கிளாக்கோமா பெரும்பாலும் அதைக் கடைசி வரை விட்டுவைக்கிறது. முதலில் போவது பக்கப் பார்வை. அதிலும் மூக்குப் பக்கம் இருக்கும் பகுதி பெரும்பாலும் முந்திக்கொள்ளும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்து 6/6 வாங்குகிற ஒருவருக்குப் பக்கப் பார்வையில் பாதி போயிருக்கலாம். படங்களில் காட்டுவதுபோல் கறுப்பு வளையம் எதுவும் தெரியாது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மற்றக் கண் காட்டிவிடும். இரண்டிலும் விட்டுப்போனதை மூளை தானாக இட்டு நிரப்பிவிடும். இல்லாத இடம் இல்லாததாகவே தெரியாது. பார்வைப் பரப்புச் சோதனையில் குறை தென்படுவதற்கு முன்பே நரம்பிழைகளில் கால் பங்குக்கு மேல் அழிந்திருக்கக்கூடும்.

கண் சொல்லாததைச் சில நேரம் வீடு சொல்லும். செட்டிநாட்டு வீட்டின் நிலைப்படி உயரம். முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு அந்தப் படியைத் தாண்டிய ஆச்சி திடீரென்று இடித்துக்கொள்ள ஆரம்பித்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். வெயில் கொட்டும் முற்றத்திலிருந்து இருட்டறைக்குள் போனால் வெகு நேரம் எதுவும் புலப்படவில்லை என்பார். பக்கத்தில் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். தூணில் தோள் மோதும். கல்யாணப் பந்தியில் இடப்பக்கம் உட்கார்ந்தவர் பேசும் வரை அவரைக் கவனிக்க மாட்டார். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் நரம்பைப் பரிசோதித்துவிட்டுப் பிறகு வயதைக் குறை சொல்லுங்கள்.

நம் பக்கம் இது அதிகமா?

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. திறந்த கோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது செய்திதான்.

இதுவும் புரைதானே? முற்றியதும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் அல்லவா?

இல்லை. புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் போவது நரம்பு. முற்றட்டும் என்று காத்திருந்தால் திரும்பப் பெற எதுவும் இருக்காது. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்து வருவதும் உண்டு. புரை எடுத்த பிறகும் பார்வை சரியாகவில்லை என்று ஆபரேஷனைத் திட்டுகிறவர்களில் சிலருக்கு உண்மையில் பின்னால் நரம்பு ஏற்கெனவே பட்டுப்போயிருக்கும்.

வலி இருக்குமா?

பெரும்பாலும் இராது. வலி வந்தால் அது அவசரம்.

கோணம் குறுகியவர்களுக்குச் சில நேரம் வழி முழுவதும் திடீரென்று அடைபடும். கண்ணிலும் அதே பக்கத்துத் தலையிலும் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், அதோடு குமட்டலும் வாந்தியும் வரும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். தலைவலியைப் பார்த்து ஒற்றைத் தலைவலி மாத்திரை கொடுப்பார்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் நரம்பு நிரந்தரமாகக் கெடலாம். இரவே கண் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். மதுரையோ திருச்சியோ காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். முன்பு மங்கலான வெளிச்சத்தில் கண் வலித்து, விளக்கில் வளையம் தெரிந்து, தூங்கி எழுந்ததும் சரியானவர்கள் அதையும் சொல்லுங்கள். பெருந்தாக்குதலுக்கு முந்திய சிறு அடைப்பாக அது இருந்திருக்கலாம்.

யாரெல்லாம் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்?

நாற்பது தாண்டிய எல்லோரும் ஒருமுறையாவது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள், கண்ணில் பந்தோ கட்டையோ பட்டு அடிபட்டவர்கள் முன்னதாகவே. கிட்டத்துப் பார்வைக்கும் தூரத்துப் பார்வைக்கும் சிறுவயதிலிருந்தே பிளஸ் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கோணம் குறுகியிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாவற்றையும்விடக் கனமானது குடும்பம். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. நம் பக்கம் ஒரு சிக்கல். 'ஐயாவுக்குப் பர்மாவிலிருந்து வந்த பிறகு கண் தெரியாமல் போய்விட்டது' என்று கதை சொல்வார்களே தவிர, என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. புரையாக இருந்திருக்கலாம், இதுவாகவும் இருந்திருக்கலாம். உடன்பிறந்தவர்களில் ஒருவர் காரைக்குடியில், ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில் என்று இருக்கும் குடும்பங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும்தான் ஒரே கூரையின் கீழ் கூடுகின்றன. உங்களுக்குக் கிளாக்கோமா இருந்தால் அங்கே வாய் திறந்து சொல்லுங்கள். பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா என்று மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் நாளே சுகம் தரும். அந்தச் சுகத்துக்காக மாதக்கணக்கில் ஊற்றினால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது நேரும். மூட்டு வலிக்கும் மூச்சிழுப்புக்கும் நெடுநாள் எடுக்கும் ஸ்டீராய்டும், முகத்தில் தடவும் களிம்பும்கூட இதைச் செய்யலாம்.

குழந்தைகளுக்கு வருமா?

அரிதாகப் பிறவியிலேயே வரும். கண் வழக்கத்தைவிடப் பெரிதாக, கருவிழி வெளுத்து இருக்கும்; வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக்கிக்கொள்ளும்; நீர் வடியும். பெரிய கண், அழகான கண் என்று கொஞ்சிக்கொண்டே நாள் போய்விடும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதன் வாய்ப்பு சற்று அதிகம். இதற்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். அதையும் தாமதிக்கக் கூடாது.

முகாமில் பார்த்துவிட்டார்கள். அது போதாதா?

முகாம்களில் வேலை செய்கிறவனாகவே சொல்கிறேன்: எல்லா முகாமும் இதற்குப் போதும் என்று சொல்ல முடியாது. பல முகாம்கள் புரையைத் தேடி நடப்பவை. எழுத்து வாசிக்கவைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, புரை இருந்தால் பஸ்ஸில் ஏற்றுவார்கள். காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தாலும் அது ஒரு நேரத்து அளவுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று இருக்கும்.

முழுப் பரிசோதனையில் கண்ணை மரக்கச்செய்து கருவிழியைத் தொட்டு அழுத்தம் அளப்பார்கள். சிறு கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கண்ணின் பாப்பா விரியச் சொட்டு ஊற்றி நரம்பைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஸ்கேன், பார்வைப் பரப்பை அளக்கும் பீல்டு டெஸ்ட். பீல்டு டெஸ்ட் பலருக்கும் பிடிக்காது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுப்புள்ளியைவிட்டுப் பார்வையை அசைக்காமல், பக்கத்தில் மினுக்கும் ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். பாதிக்குமேல் ஒளி தெரியாததுபோலத்தான் எல்லோருக்கும் இருக்கும். கருவி அப்படித்தான் மங்கலான ஒளியைத் தேடித் தேடிக் காட்டும். தோற்றுவிட்டோம் என்று பதற்றத்தில் கண்டபடி அமுக்காதீர்கள். அசதியாக இருந்தால் நிறுத்தச் சொல்லி ஓய்வெடுத்துக்கொள்ளலாம்.

சொட்டு மருந்தை எவ்வளவு நாள் ஊற்ற வேண்டும்? பார்வை கொஞ்சமும் கூடவில்லையே!

பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும். பார்வை கூடாது, அதற்காக அந்த மருந்து தரப்படவில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான். பலன் கண்ணுக்குத் தெரியாத மருந்தை நாள் தவறாமல் ஊற்றுவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. இரண்டாவது பாட்டிலோடு நிறுத்தியவர்கள்தான் இரண்டு ஆண்டு கழித்து ஒரு கண்ணோடு வருகிறார்கள். அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே நோய் வளரும் ஆபத்து ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு சொட்டின் மதிப்பு அது.

ஊற்றும் முறையிலும் கவனம் தேவை. ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழியத்தான் செய்யும். கீழிமையை இழுத்துப் பையாக்கி அதில் விடுங்கள். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கு வழியாக உடம்புக்குள் இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டில் முனை இமையில் படக் கூடாது.

டைமோலால் என்ற மருந்து உள்ள சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கும் இதயத் துடிப்பு குறைவானவர்களுக்கும் ஆபத்து. கண்ணில் விடும் சொட்டு நெஞ்சை என்ன செய்துவிடும் என்று நினைத்து இழுப்பு இருப்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். லட்டானோபுரோஸ்ட் வகையில் இமைமுடி நீண்டு அடர்த்தியாகும், கண் சிவக்கலாம். பிரிமோனிடின் சிலருக்கு வாய் வறட்சியும் தூக்கமும் தரும். அசெட்டசோலமைடு மாத்திரை கொடுத்தால் விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். தொல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், மருந்துகளுக்குப் பஞ்சமில்லை.

சில பாட்டில்களைத் திறக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுக் குன்றக்குடி மலை ஏறி இறங்கினால் மருந்து மருந்தாக இராது. திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதிவையுங்கள். பெரும்பாலானவை திறந்து நான்கு முதல் ஆறு வாரம்தான்.

தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு விடலாமா?

வேண்டாம். அழுத்தத்தைக் குறைக்காது. கண்ணில் கிருமி சேர்க்கும்.

லேசர், ஆபரேஷன் எப்போது?

கோணம் குறுகியவர்களுக்குக் கருவிழிக்குப் பின்னிருக்கும் நிறப்படலத்தில் லேசரால் சிறு துளை போட்டு நீருக்கு மாற்று வழி தருவார்கள். சில நிமிட வேலை; அன்றே வீட்டுக்குப் போகலாம். திறந்த கோண வகையில் நீர் வடியும் திசுவுக்கு லேசர் கொடுப்பது உண்டு. இன்று பலருக்கு அதையே முதல் சிகிச்சையாகவும் செய்கிறார்கள். இவை போதாவிட்டால் வெள்ளை விழியில் மடிப்புக் கதவுபோல் ஒரு வழி அமைத்து நீரை வெளியே வடியவிடும் அறுவை இருக்கிறது. அதுவும் அடைபட்டுப்போகும் கண்களுக்குச் சிறு குழாய் பொருத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த குழாயின் விலையைப் பார்த்துப் பயந்த காலத்தில், 2013இல் கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் ஒன்றைத் தயாரித்தது. அந்தக் குழாய் இன்று பல நாடுகளுக்குப் போகிறது.

அறுவைக்குப் பிறகும் போன பார்வை திரும்பாது. மேற்கொண்டு போகாமல் நிறுத்துவதுதான் நோக்கம். இதை முன்பே சொல்லாமல் அழைத்துப் போனால் அப்பச்சி பிள்ளைகளைத்தான் திட்டுவார்.

சாப்பாட்டில் காரத்தைக் குறைக்க வேண்டுமா? யோகா செய்யலாமா?

கோழிக் குழம்பின் மிளகும் மிளகாயும் வயிற்றோடு வழக்கு வைத்திருக்கலாம்; கண்ணழுத்தத்துக்கு அவை பொறுப்பல்ல. காபி ஒன்றிரண்டு டம்ளரில் தவறில்லை. நடைப்பயிற்சி நல்லது, அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கவும் செய்யும்.

தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் வேண்டவே வேண்டாம். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைச் சென்னையில் பழகிய யோகக்காரர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் சிறிது நேரம் அழுத்தத்தை ஏற்றும். அதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

பார்வை குறைந்துவிட்ட பெரியவருக்கு வீட்டில் என்ன மாற்றலாம்?

ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலை அழகுதான். ஆனால் படியும் தரையும் ஒரே பூவேலையில் கலந்திருந்தால் பக்கப் பார்வை போனவருக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. படி விளிம்பில் வெளிர் மஞ்சள் பட்டை ஒன்று அடித்துவிடுங்கள். அழகு கெடும் என்று பெரிய வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள், இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவைச் சொல்லுங்கள். முற்றத்திலிருந்து அறைக்குப் போகும் வாசலில் பகலிலும் ஒரு விளக்கு எரியட்டும். நடைபாதையில் அண்டாவும் முக்காலியும் இடம் மாறக் கூடாது. மொபெட் ஓட்டுகிறவர் என்றால் பீல்டு டெஸ்ட் தாளைக் காட்டி மருத்துவரிடமே கேளுங்கள். நேரே போகும் பஸ் தெரியும், பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது.

அரசுச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கலாம். எழுத்து வாசிக்கும் திறனை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, சிகிச்சைக்குப் பிறகும் பார்வைப் பரப்பு 10 பாகைக்கும் குறைவாக இருந்தால் பார்வையின்மை. 10 முதல் 40 பாகைக்குள் இருந்தால் குறைபார்வை. எழுத்து தெரிகிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால் பரப்பை அளக்கச் சொல்லுங்கள்.

முதல் முறை போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

பழைய கண்ணாடி, எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கண்ணில் ஊற்றிய சொட்டுப் பாட்டில்கள், குடும்பத்தில் யாருக்குக் கண் போனது என்ற விவரம். கூடவே ஒருவர் வரட்டும். பாப்பா விரியச் சொட்டு ஊற்றினால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. சாப்பிட்டுவிட்டே போங்கள், அரை நாளாவது ஆகும். முதல் ஸ்கேனையும் முதல் பீல்டு டெஸ்ட் தாளையும் பத்திரம் வைக்கும் பெட்டியில் போட்டுவையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து நோய் நகர்ந்ததா, நின்றதா என்று மருத்துவர் பார்க்கப்போவது அவற்றோடு ஒப்பிட்டுத்தான்.